கோடை விடுமுறை யார் கணக்கில்?

பிரிந்து வாழும் பெற்றோரின் உடன்படிக்கைகளில் குழந்தையின் செலவு பெரும்பாலும் மாதத்திற்கு இவ்வளவு என ஒரே தொகையாக எழுதப்படுகிறது. குழந்தையின் ஆண்டோ பன்னிரண்டு சமமான மாதங்களால் ஆனதன்று. ஏப்ரலில் பெங்களூருப் பள்ளிகள் மூடப்பட்டதும் கோடை முகாம், நீச்சல் பயிற்சி, பகல்நேரக் காப்பகம், ஊர்ப்பயணம் எனச் செலவுகள் வரிசையாக வருகின்றன. இவற்றை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, 'முகாம் ஆடம்பரம். சேர்த்தவரே கட்டட்டும்' என்பதே எளிதில் கிடைக்கும் விடை. அந்த விடை பிழையானது.

பள்ளி கல்வி மட்டும் தருவதில்லை. பெற்றோர் வேலைக்குச் செல்லும் பகற்பொழுதில் குழந்தையைக் காக்கவும் செய்கிறது. கோடையில் அந்தக் காவல் நின்றுவிடுகிறது, அலுவலகம் நிற்பதில்லை. முன்பு இந்த இடைவெளியைப் பாட்டியின் உழைப்பு நிரப்பிற்று. பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைச் சேலத்துக்கும் வேலூருக்கும் அனுப்பியது பாசத்தால் மட்டுமன்று. கூலி கேட்காத காப்பகமும் அங்கேதான் இருந்தது. மணமுறிவுக்குப் பின் அவ்வுழைப்பு குழந்தையை வைத்திருப்பவரின் தாய் மீதே விழுகிறது. எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

சட்டம் இதற்கு முற்றிலும் குருடன்று. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு குழந்தையைப் பராமரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர் மீதும் சுமத்துகிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும்; தாய் போதிய அளவு ஈட்டினால் விகிதப்படி பகிரலாம் என்றது. பாடம் சாரா வகுப்புகளுக்கும் நியாயமான தொகையை, மிகையாகாமல், வழங்க இடமளித்தது. இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக அளிக்க வேண்டும் என்றும் வகுத்தது. ஆயினும் விடுமுறைக் காப்புச் செலவு தனி இனமாகப் பெயர் பெறவில்லை. கலிபோர்னியச் சட்டம் இங்குத் தெளிவானது: பெற்றோரின் வேலை நிமித்தமான குழந்தைக் காப்புச் செலவை அடிப்படைத் தொகைக்கு மேல் கட்டாயம் சேர்க்கிறது, சந்திப்புப் பயணச் செலவை நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விடுகிறது.

'பாதிக்குப் பாதி' நேர்மையாகத் தோன்றலாம். மாதம் தந்தை 90,000 ரூபாயும் தாய் 60,000 ரூபாயும் ஈட்டுவதாகவும், கோடைச் செலவு 20,000 ரூபாய் எனவும் கொள்வோம். ஆளுக்கு 10,000 என்றால் தந்தைக்கு அது மாத வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு. 12,000, 8,000 எனப் பிரித்தால்தான் சுமை சமமாகும்.

எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. விடுமுறையில் பாதி நாள் குழந்தையைத் தன்னிடம் வைத்திருக்கும் தந்தை, தன்னைக் கேளாமல் கட்டப்பட்ட முகாம் கட்டணத்தில் ஏன் பங்கேற்க வேண்டும்? இதற்கான தீர்வு மறுப்பில் இல்லை. முன்கூட்டிய ஒப்புதலில் உள்ளது. காப்பு, பயிற்சி, பயணம் என மூன்று இனங்களை உடன்படிக்கையிலேயே பிரிக்கலாம். காப்புச் செலவை வருமான விகிதப்படி கட்டாயமாகப் பகிரலாம். பயிற்சிக்கு உச்சவரம்பிட்டு, மார்ச் இறுதிக்குள் இருவரும் எழுத்தில் இசைய வேண்டும் எனலாம். பயணச் செலவைத் தொலைவும் வருமானமும் பார்த்து வகுக்கலாம்.

மே மாத நடுவில் கைப்பேசியில் நடக்கும் பேரத்தைக் குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தன் விடுமுறையே சண்டைக்குக் காரணம் என அது எண்ணத் தொடங்குமுன், அந்தப் பேரத்துக்கு இடமில்லாதபடி சில வரிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.