வேலை மிகும்போது அணையும் கணினி

நம் சங்கத்துக் குடும்பங்களுள் ஒன்று, சென்ற சித்திரையில் திருச்சியினின்றும் மல்காஜ்கிரிக்குக் குடிபெயர்ந்து வந்தது. கட்டில், பீரோ, பாத்திரங்கள் ஆகியவற்றோடு அவ்வீட்டுப் பெண்ணின் கணினியும் லாரியேறி வந்தது. அப்பெண் திருமண வீடியோக்களை வீட்டிலிருந்தபடியே நறுக்கித் தொகுத்து, ஸ்டூடியோக்களுக்குக் கொடுத்துப் பொருள் ஈட்டுபவள். வீட்டு வாடகையில் பாதி அவள் கையால் வருவது.

இங்கு வந்தபின் ஒரு தொல்லை தொடங்கிற்று. கடிதம் எழுதினால் கணினி ஓடும். பாட்டுக் கேட்டாலும் ஓடும். தொகுத்த காட்சிகளை முடிவான வீடியோவாக மாற்றும் கட்டம் வந்ததும், ஐந்தாறு நிமிடங்களில் விளக்கு ஊதியணைத்தாற்போல் அணைந்துபோகும். இரண்டு ஸ்டூடியோக்களுக்கு வேலை தவணை தப்பிற்று. "இரவும் பகலும் வேலை வாங்கினால் இயந்திரந்தான் என்ன செய்யும்?" என்று தந்தையார் மகளையே கடிந்துகொண்டார். பழுது பார்க்கும் கடையொன்றில், மதர்போர்டு கெட்டுவிட்டது, மாற்ற ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றனராம். சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்ததும் அப்பெண்ணின் தாயார் நம்மிடம் வந்து, "தம்பி, ஒன்பதாயிரம் கொடுத்தால் சரியாகிவிடுமா?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறே இம்மாதக் கட்டுரை.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். வேலை மிகும்போது மட்டும் அணையும் கணினி, பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. ஓடும் வண்டியின் அச்சு கொதிப்பேறியிருப்பதை நிலையத்தார் கண்டால் வண்டியை நிறுத்திவிடுவர். நிறுத்தியவரைக் குறைகூறுவதில் பயனில்லை. அச்சு ஏன் கொதித்தது என்பதையே ஆராயவேண்டும்.

கணினி உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரத்தை உண்டு ஒரு பெரிய அறையையே சூடாக்கிற்று. இன்றோ அதனினும் பன்மடங்கு ஆற்றல் ஒரு சிறு சில்லுக்குள் அடங்கிவிட்டது. அப்பெண்ணின் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-12400 என்னும் பிராசஸர். கடிதம் எழுதும்போது அது மிகச் சிறிதளவே மின்சாரம் கொள்ளும். வீடியோவை மாற்றும்போது 117 வாட் வரை கொள்ளும். ஒரு பெரிய குண்டு பல்பின் சூடு, கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் எழுகிறது என்று கொள்க.

இச்சூட்டை வாங்கி வெளியேற்றவே பிராசஸரின் மீது ஹீட் சிங்க் என்னும் அலுமினியத் தகட்டடுக்கும், அதன்மேல் விசிறியும் பொருத்தப்பட்டுள்ளன. இடையில் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை, காற்று புகாவண்ணம் இரண்டையும் இணைக்கிறது. பிராசஸரின் சூடு 100 டிகிரியை நெருங்கினால், அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பொழுதும் சூடு தணியாது ஏறுமாயின் மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

இக்காவல் ஏற்பாடு இல்லாதிருந்தால் என்னாகும் என்பதை 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்னும் ஆய்விதழார் செய்துகாட்டினர். ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் ஹீட் சிங்கை அவர்கள் கழற்றினர். பென்டியம் 4 வேகங்குறைந்து பிழைத்துக்கொண்டது, ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் சில நொடிகளிற் புகைந்து கருகிப்போயிற்று. ஆகவே அணைதல் என்பது நோயன்று. நோயை அறிவிக்கும் குறியே.

அடுத்த ஞாயிறன்று ஒரு திருப்புளியும் டார்ச் விளக்கும் கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றோம். செலவில்லாத சோதனைகளையே முதலிற் செய்தல் நம் வழக்கம்.

முதற் சோதனை யு.பி.எஸ். பற்றியது. நம் வீடுகளில் மிகுதியும் இருப்பது 600 வி.ஏ. யு.பி.எஸ். அது தாங்கக்கூடியது ஏறக்குறைய 360 வாட் மட்டுமே. தனிக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி கடும் வேலையின்போது அவ்வெல்லையைத் தாண்டக்கூடும், உடனே யு.பி.எஸ். கூவிவிட்டு மின்சாரத்தை நிறுத்தும். பேட்டரி பழையதாயின் அதற்கு முன்னரே கைவிடுவதும் உண்டு. ஆதலின் கணினியை நேரே சுவர்ப் பிளக்கிற் செருகிப் பார்த்தோம். ஆறாம் நிமிடத்தில் அணைந்தது. யு.பி.எஸ். குற்றமற்றது எனத் தெளிந்தோம்.

இரண்டாவது, எத்தனை நேரத்தில் அணைகிறது என்பதைக் கவனித்தல். கடும் வேலை தொடங்கிய நொடியிலேயே அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியை ஐயுறவேண்டும். விசிறியின் இரைச்சல் ஏறி, வேலை சுணங்கி, சில நிமிடங்கள் கழித்து அணைந்தால் உஷ்ணத்தையே ஐயுறவேண்டும். விண்டோஸின் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்றொரு குறிப்பு இருப்பதைக் கண்டு அதுவே காரணம் என்று சிலர் மயங்குவர். முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது கூறும். ஏன் நின்றது என்று கூறாது.

மூன்றாவது, சூட்டை அளத்தல். கோர் டெம்ப் போன்ற இலவச நிரல்கள் பிராசஸரின் சூட்டைத் திரையிற் காட்டும். அதனைத் திறந்துவைத்துவிட்டு வீடியோ வேலையைத் தொடங்கச் சொன்னோம். இரண்டு நிமிடங்களில் 98 டிகிரி, பின்னர் 100. "இதற்குமேல் வேண்டாம், நிறுத்தம்மா" என்றோம்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மின்விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தைப் போக்கியபின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். தூசு ஒரு விரற்கடை படிந்திருந்தது. ஆயினும் மூல காரணம் அதுவன்று. ஹீட் சிங்கைப் பலகையோடு பிணைப்பவை நான்கு பிளாஸ்டிக் முளைகள். அவற்றுள் ஒரு பக்கத்து முளைகள் இரண்டும் பிடிப்பு விட்டு மேலெழும்பி நின்றன! லாரியின் குலுக்கலிற் கழன்றவை என்பதில் ஐயமில்லை. ஹீட் சிங்க் ஒருபுறம் சாய்ந்து, பிராசஸரை அரைகுறையாகவே தொட்டுக்கொண்டிருந்தது.

செகந்தராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டரில் தெர்மல் பேஸ்ட் வாங்கிவந்தோம். பழைய பசையைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணியளவு புதுப்பசை வைத்து, முளைகளை மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்திப் பொருத்தினோம். தூசைத் தூரிகையால் நீக்கினோம். வீடியோ முழுவதும் முடிந்தது. சூடு 74 டிகிரியைத் தாண்டவில்லை. செலவு இருநூற்றைம்பது ரூபாய்.

அன்பர்கள் நினைவிற் கொள்ளவேண்டியவை சில உள. மே மாதத்தில் இந்நகரின் வெயில் 40 டிகிரியைக் கடப்பது வழக்கம். அறையின் சூட்டினும் குறைவாகக் கணினியைக் குளிர்விக்க எவ்விசிறியாலும் இயலாது. ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டியும், மேசையின் மூடிய அறைக்குள்ளும் வைத்தலாகாது. மடிக்கணினியை மெத்தைமீது வைத்து வேலை செய்தால் காற்று புகும் வழி அடைபடும். தூசு நீக்குகையில் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறவாதீர். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிர்க்கொல்லி மின்சாரம் தங்கியிருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்குவோர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாட் அளவையும் பார்த்தே வாங்குக. ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கார்டு தான் கொள்வது 170 வாட் என்றாலும், அதற்கு 550 வாட் மின்பெட்டி வேண்டுமென்று என்விடியா நிறுவனத்தாரே கூறுகின்றனர்.

மின்சாரமும் சூடும் சரியாக இருந்தும் தொல்லை தொடருமாயின், அப்பொழுதே பொருளின் குறையை ஐயுறுதல் முறை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர்கள் சில, மிகை வோல்டேஜால் நிலைகுலைவதை அந்நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டிற்று. அத்தகைய பிராசஸர் உடையோர் மதர்போர்டு நிறுவனத்தாரின் புதிய பயாஸ் திருத்தத்தை ஏற்றிக்கொள்ளவேண்டும்.

நம்மனோர் ஊர்விட்டு ஊர் மாறுவதை வாழ்க்கையாகக் கொண்டவர்கள். கண்ணாடிச் சாமானைப் பஞ்சு வைத்துக் கட்டுகிறோம். கணினியைச் சாக்கில் சுற்றி ஏற்றிவிடுகிறோம். பெட்டியைப் படுக்கவைத்து, ஹீட் சிங்க் மேல்நோக்கி இருக்குமாறு அனுப்புக. வந்து சேர்ந்ததும், மின்சாரம் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து முளைகளைத் தொட்டுப் பாருங்கள்.

அன்று மாலை நாம் விடைபெறுகையில் அத்தாயார் காப்பி கொடுத்து உபசரித்தார். தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "உன் மேல் தப்பில்லையம்மா" என்று மகளிடம் கூறினார். மிஞ்சிய ஒன்பதாயிரத்தினும் அச்சொல்லே அவ்வீட்டிற்குப் பெரிது என்று நமக்குத் தோன்றிற்று.