185/60 ஆர்14: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்வு

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989-ல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் டயர் அளவு 185/60 ஆர்14. அன்றைக்கு வேகத்துக்கென்று வந்த சிறு கார்கள் பலவற்றுக்கும் இதுவே அளவு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இரண்டாம் தலைமுறையும் பிஜோ 205 ஜிடிஐ 1.6-உம் இதில்தான் ஓடின. அதனால் பெரிய நிறுவனங்கள் தங்களிடமிருந்த நல்ல ரப்பரை இந்த அளவில் வார்த்துக் கொடுத்தன. பிறகு வந்த கார்கள் 16, 17, 18 அங்குலம் என்று ஏறிப்போக, 14 அங்குலம் சிக்கன ஹேட்ச்பேக்குகளின் அளவாகச் சுருங்கிவிட்டது. இன்று அந்த அளவில் எளிதாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நெடுநாள் தேயாமல் இருக்கவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் செய்யப்பட்டவை. முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "நல்ல டயராப் போடுங்க" என்று உரிமையாளர் சொல்லும்போது பட்டறைக்காரர் சந்திக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிக்கல் வெறும் கையிருப்புப் பிரச்சினை அல்ல. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் டயரும் சஸ்பென்ஷன் வடிவமைப்பின் ஓர் உறுப்பாகவே கணக்கிடப்பட்டது. முதல் எம்எக்ஸ்-5-இன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன், 5.5 அங்குல அகல ரிம், பரிந்துரைத்த காற்றழுத்தம் முன்னும் பின்னும் 26 பிஎஸ்ஐ. இந்தக் கூட்டில் டயரின் பிடிப்பு மிதமானது. வளைவில் அது திடீரென்று கைவிடாமல் மெல்ல மெல்ல நழுவும். ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் வழியாகவும் இருக்கை வழியாகவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தக் கார் பெற்ற பெயரில் பாதி இந்தக் குணத்தால் வந்தது. மஸ்டா 2017-ல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் ஆரம்பகாலத்தில் அந்தக் காரில் இருந்த எஸ்எஃப்-325 டயரை அதே 185/60 ஆர்14 அளவில் மீண்டும் தயாரித்துக் கொடுத்தது. பழைய அளவில் ஒரு டயருக்காக அச்சு செய்வது எந்த நிறுவனத்துக்கும் லாபக் கணக்கில் வராத வேலை. காரின் நடத்தையை மீட்க அது தேவை என்று தயாரித்தவர்களே கருதினார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது வயது. பிராண்டும் பட்டன் வடிவமும் பிறகுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை வார இறுதியில் மட்டும் வெளியே வருபவை. பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். ஆழம் பார்க்கும் அளவுகோலை வைத்தால் ஆறேழு மில்லிமீட்டர் காட்டும், உரிமையாளரும் டயர் புதிது என்றே நம்பிக்கொண்டிருப்பார். ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் கலக்கும் மெழுகு, டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் மேற்பரப்புக்கு வருகிறது. நின்றே கிடக்கும் காரில் அந்தக் காப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் ஓடாத டயரின் சைடுவாலில் மயிரிழை வெடிப்புகள் முந்திக்கொண்டு தோன்றுகின்றன.

தயாரிப்புத் தேதி, டாட் எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் இருக்கிறது. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அந்த டயர் 2000-க்கு முன் செய்யப்பட்டது. அதைப் பற்றி மேற்கொண்டு பேச எதுவுமில்லை. முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் வண்டியைத் தூக்கி உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கார் நிறுவனங்களில் பல ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பொதுவாக உச்ச வரம்பாகச் சொல்வது பத்து ஆண்டு. வேகமாக ஓட்டப்படும் காருக்கு ஆறு என்பதே சரியான எல்லை. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில், அவர் பயணம் செய்த போர்ஷ கரேரா ஜிடி காரின் டயர்களுக்கு வயது ஒன்பது. விபத்துக்குக் காரணம் அதிவேகமே என்று முடிவுசெய்த விசாரணையாளர்கள், டயர்களின் வயது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் பதிவு செய்தார்கள்.

வாங்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். அருகிப்போன அளவுகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்துவிட்டு விற்பனைக்கு வருகின்றன. நான்கு டயர்களின் தேதியையும் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. ஏற்றிய பிறகு கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது அளவு. 14 அங்குலத்தில் தரமான டயர் கிடைக்காதபோது 15 அங்குல ரிம்முக்கு மாறுவது நியாயமான வழி. எம்எக்ஸ்-5-ஐப் பொறுத்தவரை இதில் ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. 185/60 ஆர்14-இன் வெளிவிட்டம் ஏறத்தாழ 578 மி.மீ. 195/50 ஆர்15-க்கு அது 576 மி.மீ. வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. வேகமானியும் கியர் விகிதமும் இருந்தபடியே இருக்கும். 205/50 ஆர்15 போட்டால் விட்டம் 586 மி.மீ. ஆகிறது, சுமார் ஒன்றரை சதவீதக் கூடுதல், இதுவும் பொறுக்கக்கூடியதே. அமெரிக்காவில் எம்எக்ஸ்-5 கார்களுக்கென்றே உள்ள ஸ்பெக் மியாட்டா பந்தய வகுப்பு ஓடுவது இந்த அளவில்தான். 15 அங்குலத்தில் இன்னும் நல்ல ரப்பர் கிடைத்துக்கொண்டிருப்பதற்கு இதுபோன்ற பந்தயக் கூட்டம் ஒரு முக்கியக் காரணம். கையில் இருக்கிறதே என்று 195/55 ஆர்15 மாட்டினால் விட்டம் 3 சதவீதம் கூடிவிடும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கலாம். சட்டம் அனுமதிக்காத பிழை அது. முடுக்கமும் மந்தமாகும்.

அகலத்தில்தான் பலரும் தடம் புரள்கிறார்கள். அகலமான டயர் கூடுதல் பிடிப்பு தரும் என்பது பாதி உண்மை. அதைத் தாங்குகிற அகலம் ரிம்முக்கு வேண்டும். 195/50 ஆர்15-க்கு ஏற்ற ரிம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. அளவுத் தரத்தின்படி அதன் இயல்பான ரிம் 6 அங்குலம். 205/50-க்கு அது 6.5. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் சைடுவால் உள்வாங்கிக் காளான் குடைபோல் மடங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ரப்பர் நெளியும், கார் பிறகுதான் திரும்பும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய கார்களில் அகலம் கூடக் கூட மெதுவேகத்தில் கையும் வலிக்கும். தேங்கிய நீரின் மேல் மிதப்பதும் அகல டயரில் சீக்கிரம் நேர்கிறது. ஒரு டன்னுக்கும் குறைவான காருக்கு 195-க்கு மேல் போவதற்குச் சாலையில் காரணம் எதுவும் இல்லை.

16 அங்குலத்துக்குப் போவது தோற்றத்துக்காக மட்டுமே. பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது. சக்கரத்தின் எடை கூடினால் குண்டு குழிகளில் சஸ்பென்ஷன் அதைக் கட்டுப்படுத்தத் திணறும், மெல்லிய சைடுவால் அடி வாங்கும். மாற்று ரிம் வாங்கும்போது போல்ட் வட்டம், மையத் துளை, ஆஃப்செட் மூன்றும் பொருந்த வேண்டும் என்பதைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மையத் துளை பெரிதாக உள்ள ரிம்மை வளையம் போடாமல் மாட்டிவிட்டு, அதிர்வு வருகிறது என்று மறுபடி மறுபடி பேலன்ஸிங் பார்ப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் அதிக யோசனை தேவைப்படாதவை. 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240. தொழிற்சாலை கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். மேலே போவதில் ஒரு சிறு எச்சரிக்கை உண்டு. எக்ஸ்எல் என்று குறித்த வலுவூட்டிய டயர்கள் கனமான புதிய கார்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எடை குறைந்த பழைய காரில் அவற்றின் விறைப்பான சைடுவால் பயணத்தைத் துள்ளலாக்கும். பயன் எதுவும் இருக்காது.

ரப்பர் கலவையைப் பற்றித்தான் பேச்சு அதிகம், தெளிவு குறைவு. அமெரிக்கச் சந்தைக்கான டயர்களில் 200, 300, 400 என்று தேய்மான எண் பொறித்திருக்கும். டெக்சாஸில் 400 மைல் சாலைச் சுற்றில் 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை அளந்து, அதிலிருந்து அந்த எண்ணைக் கணித்துப் போடுபவர் டயர் நிறுவனத்தாரே. ஆகவே ஒரு நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். இரு நிறுவனங்களுக்கிடையே அதை நம்பி முடிவெடுக்க முடியாது. பல கிளப் பந்தய விதிகள் 200-ஐக் கீழ் வரம்பாக வைத்திருப்பதால், சரியாக அந்த எண்ணைப் பொறித்துக்கொண்டு பந்தய ரப்பருக்கு நெருக்கமான டயர்கள் சந்தைக்கு வந்திருக்கின்றன. அதே சைடுவாலில் உள்ள ஈரப்பிடிப்புத் தரம் ஏஏ, ஏ, பி, சி என்று வரும். அது நேர்க்கோட்டில் பிரேக் பிடித்து அளந்தது. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்று அது சொல்லாது. 2021 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய லேபிளில் ஈரச் சாலைப் பிடிப்பு ஏ முதல் இ வரை தரம் பிரிக்கப்படுகிறது. உலர்ந்த சாலைப் பிடிப்பும் தேய்மானமும் அதில் இல்லை. ஆனாலும் பழைய காருக்கு இந்த எல்லாக் குறிகளிலும் மிகப் பயன்படுவது ஐரோப்பிய ஈரப்பிடிப்பு எழுத்துதான். ஏபிஎஸ் இல்லாத காரில் மழைநாளில் நிற்பது டயரை நம்பித்தான்.

பழைய காரின் தேய்மானக் கணக்கே வேறு. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் எந்த டயரும் தேய்ந்து முடியப்போவதில்லை, வயதாகித்தான் கழியும். எண்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் கெட்டியான ரப்பருக்குப் பணம் கொடுப்பது, பயன்படுத்தப்போகாத ஒன்றுக்குக் கொடுப்பதாகும். அதற்காக 200 எண் டயருக்கு ஓடுவதும் தவறு. அவை சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தருபவை. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் சற்று இறுகுபவை. பட்டன்களுக்கு இடையே பள்ளம் குறைவாக இருப்பதால் தேங்கிய நீரில் நம்ப முடியாதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிப்பு விடும் கணம் குறுகியது. பழைய சேஸிஸ் மெதுவாகச் சொல்லும் எச்சரிக்கையை அவை விழுங்கிவிடும். பின்சக்கரம் திடீரென வெளியே வருவதற்குப் பெயர்பெற்ற பிஜோ 205 ஜிடிஐ போன்ற காரில் இது விளையாட்டான விஷயம் அல்ல. சாலைக்கென்று செய்யப்பட்ட நடுத்தர ஸ்போர்ட்ஸ் டயர், அதாவது மழையில் நல்ல தரம் பெற்ற கோடைக்கால ரப்பர், இந்தக் கார்களுக்கு ஏற்றது. பந்தயத் தடத்துக்குப் போகும் உரிமையாளர் அதற்கென்று இன்னொரு செட் ரிம் வைத்துக்கொள்ளட்டும்.

கூடுதல் பிடிப்புக்குக் கூலி கொடுப்பது சஸ்பென்ஷன். பக்கவாட்டு விசை கூடினால் கார் அதிகம் சாயும். வீல் பேரிங்கும் புஷ்களும் கூடுதல் பாரம் வாங்கும். முப்பது வயதான புஷ் ரப்பர் ஏற்கெனவே வெடித்திருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு விலை உயர்ந்த டயர் மாட்டினால், கார் நேராக ஓடவில்லை என்ற புகார் டயர்மேல் வரும். வரிசை இதுதான்: புஷ்ஷும் பால் ஜாயிண்டும் முதலில், டயர் அடுத்து, அலைன்மென்ட் கடைசியில். பிடிப்பு மிகுந்த டயருக்குத் தொழிற்சாலைக் கேம்பர் போதாமல் வெளித்தோள் மட்டும் தேய்வதுண்டு. இரட்டை விஷ்போன் உள்ள எம்எக்ஸ்-5-இல் நான்கு சக்கரங்களிலும் கேம்பரைச் சரிசெய்ய வழியிருக்கிறது. பல பழைய கார்களில் இல்லை.

நான்கு டயர்களையும் ஒரே மாதிரியில் ஒரே நேரத்தில் மாற்றுவது இந்த வகைக் கார்களில் விதி. செலவைக் கருதி இரண்டு மட்டும் மாற்ற நேர்ந்தால் புதியவை பின்னச்சுக்குப் போக வேண்டும், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலான ஓட்டுநர்களால் மீட்க முடியாது. காற்றழுத்தத்தைக் காரின் கதவிலோ கையேட்டிலோ உள்ள எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். டயரின் சைடுவாலில் உள்ளது உச்ச அழுத்தம். 26 பிஎஸ்ஐ கேட்கும் காருக்குப் பழக்கத்தில் 33 அடித்து அனுப்பினால் புதிய டயரின் நல்ல குணங்களில் பாதி அங்கேயே போய்விடும். பட்டன் ஆழத்தின் சட்ட எல்லை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் காருக்கு 1.6 மி.மீ. ஆனால் மழையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு 3 மி.மீ.-யிலேயே மாற்றச் சொல்வது பட்டறையின் கடமை.

எம்எக்ஸ்-5 இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதில்லை. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதுவானாலும் தமிழ்நாட்டுப் பட்டறைக்கு இதே கணக்குதான், ஒரு கூடுதல் தடையோடு. கார் டயர் இறக்குமதி 2020 ஜூனிலிருந்து உரிமம் தேவைப்படும் பட்டியலில் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அதனால் இங்கே தெரிவு இன்னும் குறுகியது. கடையில் இருப்பதை வண்டிக்குப் பொருத்தும் வழக்கத்துக்கு அது காரணமாக இருக்கலாம், நியாயமாக முடியாது. சரியான அளவில் புதிய தேதியுள்ள சாதாரண டயர், தவறான அளவில் உள்ள பெயர்பெற்ற டயரைவிட எப்போதும் மேல்.

பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலை அட்டையில் டயரின் பெயரோடு அளவு, சுமைக் குறியீடு, நான்கின் தயாரிப்பு வாரம், அடித்து அனுப்பிய காற்றழுத்தம் ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் அதில் சேருங்கள். பல பழைய கார்களில் அது தொழிற்சாலையில் வைத்த அதே டயர்தான்.