நாலு விரற்கடை

"ஏழு வயசாகியும் என் பையனுக்கு நான்தான் எல்லாம் செய்துவிட வேண்டியிருக்கிறது. டாக்டர் வளர்ச்சி கொஞ்சம் தாமதம் என்கிறார். வீட்டில் நான் என்ன சொல்லிக் கொடுக்கலாம்?" என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தால், நான் பயிற்சி ஆசிரியையாகப் போன முதல் நாட்கள்தான் கண்முன் வந்து நிற்கின்றன. அதையே சொல்லிவிடுகிறேனே!

நான் சிறப்புக் கல்வியில் பி.எட். சேர்ந்தது 2016-ல். ஒரு வருஷமாக இருந்த படிப்பை அதற்கு முந்தின வருஷம்தான் இரண்டு வருஷமாக்கியிருந்தார்கள். பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது சரவணம்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சத்தி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால் நாலு தென்னை, ஒரு மாட்டுத் தொழுவம், அதற்குப் பக்கத்தில் பள்ளி.

முதல் நாளுக்கு நான் செய்த தடபுடல் இருக்கிறதே! ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து வண்ண அட்டை வெட்டினேன். சிவப்புக்கு ஆப்பிள், மஞ்சளுக்கு வாழைப்பழம். மறுநாள் வகுப்பில் ஒன்பது குழந்தைகள். ஒருத்தி அட்டையை வாங்கி வாயில் வைத்தாள். ஒருவன் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். பதினொரு வயசுப் பையன் ஒருவன் மட்டும் என்னையே பார்த்துச் சிரித்தபடி கடைசி வரை நின்றான். பாடத்தைக் கவனிக்கிறான் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அவன் பார்த்துக் கொண்டிருந்தது என் தோடு!

அவன் பேர் வேண்டாம். அங்கே எல்லாரும் கூப்பிட்ட மாதிரி "சாமி" என்றே எழுதுகிறேன்.

சாமியின் அம்மா தினமும் காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். முப்பது பிள்ளைக்கு ஒரே ஆயாம்மா. பையன் பாத்ரூம் போய்விட்டு வந்தால் டவுசரை மாட்டிவிட ஆள் வேண்டுமே! அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் காயில் சுற்றுகிற வேலை பார்த்தவராம். இவன் பள்ளிக்கு வர ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டார். "எனக்கு இடுப்பு வலிங்க டீச்சர். இவன் வளந்துட்டே போறான். எனக்கப்புறம் யாருங்க இவனுக்குத் துணி மாட்டி உடுவாங்க?" என்று ஒருநாள் கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நானே கூட்டிப் போனேன். சுத்தம் செய்து, டவுசரைச் சரசரவென்று மேலே இழுத்து, சட்டையை உள்ளே விட்டு, தலையைக்கூட வாரிவிட்டு அழைத்து வந்தேன். ஐந்தே நிமிஷம்! எனக்கு ஒரே பெருமை.

வகுப்பாசிரியை, ஐம்பது வயசு இருக்கும், நிதானமாகக் கேட்டார்:

"ஏங் கண்ணு, சாமிக்கு இன்னிக்கு என்ன பாடம் நடத்துன?"

"பாடம் இல்லீங்க டீச்சர், பாத்ரூம் கூட்டிட்டுப் போனேன்."

"அதான் பாடம். சும்மா நின்னாப் போதும், யாராச்சும் வந்து இழுத்து உடுவாங்கன்னு சொல்லிக் குடுத்திருக்கே. அவங்கம்மா பத்து வருஷமா அதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. அவனும் நல்லாவே படிச்சுட்டான்!"

சுருக்கென்றது. அன்றைக்கு நான் வெட்டிய அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இந்தக் குழந்தைகளுக்கு என்ன தெரியும், அடுத்து எதைச் சொல்லிக் கொடுப்பது என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கம் பாலவிஹாரில் பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் 1970-களில் உருவாக்கியது. நம் நாட்டுச் சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் அதுதான் கைப்புத்தகம் மாதிரி. சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, பேச்சு, பணம், வீட்டு வேலை என்று 18 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் சுலபத்திலிருந்து கடினம் வரை 20 படிகள். ஆக 360. அதிலே எனக்குப் பிடித்தது ஒன்று. "இவனுக்கு இது வராது" என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. "இதைச் செய்கிறான்" என்றுதான் ஒவ்வொன்றும் எழுதியிருக்கும். சாமிக்குக் குறித்துப் பார்த்தபோது, உடுத்தும் பிரிவில் கீழ்ப்படிகளிலேயே நின்றான். கைக்கு வலு இருந்தது. வாய்ப்புத்தான் இருந்ததில்லை.

டவுசர் போடுவதை ஒன்பது சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்தோம். ஸ்டூலில் உட்காருவது, முன்பக்கம் பார்த்துப் பிடிப்பது, வலது கால், இடது கால், முழங்கால் வரை இழுப்பது, எழுந்து நிற்பது, தொடை வரை, பிட்டம் வரை, கடைசியாக இடுப்புக்கு. இனிமேல்தான் வேடிக்கை. முதலிலிருந்து தொடங்கக் கூடாது என்றார் டீச்சர். எட்டு வேலையை நான் செய்ய வேண்டும். ஒன்பதாவது, அதாவது பிட்டத்திலிருந்து இடுப்பு வரை அந்த நாலு விரற்கடை தூரம் மட்டும், சாமியுடையது. முதலிலிருந்து கற்றுக் கொடுத்தால் பாதியில் அலுத்துப்போய் விட்டுவிடுவான். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் முடித்தது அவனாகவே இருக்கும். கோலத்தில் கடைசிப் புள்ளியைச் சேர்க்கிற சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தச் சந்தோஷம் கிடைக்கும்.

முதலில் அவன் கைமேல் என் கை. அப்புறம் மணிக்கட்டில். அப்புறம் முழங்கையில் லேசாக ஒரு தொடல். பிறகு விரலால் காட்டுவது மட்டும். "மேலே இழு" என்று ஒரே வார்த்தை. "இழு கண்ணு, எங்கே இழு பார்க்கலாம், சமத்தாச்சே" என்று பேச்சைக் கொட்டினால் எதைக் கேட்பது என்று அவனுக்குப் புரியாது. சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அம்மாடி! பத்து எண்ணுவது எத்தனை நீளம் என்று அந்த பாத்ரூம் வாசலில்தான் தெரிந்துகொண்டேன். என் கை தானாகப் போகும். இழுத்துப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

நோட்டில் தினமும் ஒரு கோடு. பதினொரு நாள் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் ஏழு எண்ணும்போது, சாமி இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, என் தோட்டைப் பார்த்துச் சிரித்தான். நான் மறுபடியும் கீழே இறக்கி மறுபடி செய்யச் சொன்னேன். (பயிற்சி ஆசிரியை புத்தி!) மாட்டேன் என்று விட்டான். அது சரிதானே?

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்தபோது பழைய கதை. சிலை மாதிரி நின்றான். அவன் அம்மாவிடம் கொஞ்சம் கடிந்தே கேட்டுவிட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஏனுங் டீச்சர், எட்டேகாலுக்கு பஸ்ஸுங்க. நான் சோறாக்கறதா, இவன் எப்ப இழுப்பான்னு பாத்துட்டு நிக்கறதா? அப்பத்தா வேற, புள்ளைய நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறியான்னு சண்டைக்கு வர்றாங்க."

எனக்குப் பதில் இல்லை. பாடப் புத்தகத்தில் எட்டேகால் பஸ் வருவதில்லை. அந்த அம்மா சொன்னதில் தப்பே கிடையாது. தப்பு என் கேள்வியில்தான்.

டீச்சர்தான் வழி சொன்னார். காலையில் வேண்டாம், நீங்களே போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடியுங்கள். சாயங்காலம் குளித்த பிறகு ஒரே ஒரு தடவை போதும். அந்த வேலையை அப்பத்தாவிடம் கொடுங்கள், அவருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றார். அப்பத்தாவைப் பள்ளிக்கே வரவழைத்து பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். பேரன் அப்பத்தாவைப் பார்த்ததும் அசையாமல் நின்றான். பாட்டியின் கை இரண்டு தடவை எழுந்தது. இரண்டு தடவையும் நான் பிடித்துக்கொண்டேன். பத்தும் எண்ணி முடிந்து, இன்னும் பத்து. கடைசியில் சாமியே இழுத்துவிட்டான். "அடப் பாவி! எங்கிட்ட மட்டுமா நடிச்சே!" என்று பாட்டி போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அப்பத்தா எங்களைவிடக் கண்டிப்பான டீச்சர்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: முதலில் பையனின் கை, கண், காது மூன்றையும் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஜிப், ஊக்கு வேண்டாம். எலாஸ்டிக் வைத்த டவுசர், ஒரு அளவு பெரிதாக. முன்பக்கம் எது என்று தெரிய உள்ளே ஒரு வண்ணத் துணி தைத்துவிடுங்கள். நின்றபடி காலை நுழைக்கச் சொல்லாதீர்கள், விழுந்துவிடுவான். உட்கார ஏதாவது கொடுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தை, ஒரே வரிசை. வீட்டில் மூன்று வயசுக் குழந்தை இருக்கிறதா? அதற்கும் இதே முறை நடக்கும், சீக்கிரமே வந்துவிடும். பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால், தயவுசெய்து அனுப்புங்கள். நான் படித்துக் கொண்டிருந்த 2016 டிசம்பரில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 வயசிலிருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். இன்னும் சின்னக் குழந்தை, உட்காருவதும் பேசுவதும் தாமதமாகிறது என்றால், "தானா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருக்காமல், அரசு ஆஸ்பத்திரியில் ஆரம்ப நிலையிலேயே பார்க்கிற மையம் எங்கே என்று விசாரித்துக் கூட்டிப் போங்கள்.

என் பயிற்சி முடிந்தபோது சாமிக்கு ஒன்பதில் நாலு வந்திருந்தது. எழுந்து நின்று, மேலே இழுப்பது வரைக்கும் அவனே. காலை நுழைப்பது கடைசி வரை வரவில்லை. அதற்கு ஆயாம்மா ஒரு நிமிஷம் வந்தால் போதும், தூக்க வேண்டியதில்லை.

கடைசி வாரம் ஒருநாள் வேப்பமரத்தடி காலியாக இருந்தது. மூன்றரை மணிக்கு அந்த அம்மா வேகவேகமாக உள்ளே வந்தார். பழைய பட்டறையில் அரை நாள் வேலை கேட்டிருந்தாராம், கொடுத்துவிட்டார்களாம். பையனின் பையை வாங்கிய கையைப் பார்த்தேன். நக இடுக்கில் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் ஒட்டியிருந்தது.