பெரியநீலாவணையிலிருந்து வந்த கடிதம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு கிழமையாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பெரியநீலாவணையிலிருந்து ஒரு தாய் எழுதியது. கொப்பியிலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறா. "அக்கா, எங்கட மகள் புலமைப்பரிசில் சோதினையில வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்திருக்கா. கல்முனையில கார்மேல் பற்றிமாவில சேர்ப்பம் எண்டு அவட அப்பா சொல்றார். மாமி விடுறா இல்ல. வேதக்காரப் பள்ளிக்கூடத்துக்குப் போனா பிள்ளை திருநீறு பூசமாட்டாவாம். சமயமொண்டும் இல்லாத பொதுப் பள்ளிக்கூடம் எண்டு ஏதும் இருக்கா? நீங்க சொல்லுங்க."

பெரியநீலாவணையை அறியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பெருந்தெருவில் அம்பாறை மாவட்டம் தொடங்கும் ஊர் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அதைத் தாண்டினால் தறிச்சத்தம் கேட்கும் மருதமுனை, பிறகு திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்போன பாண்டிருப்பு, அதையடுத்துக் கல்முனை. காலை ஆறரை மணிக்கு அந்தத் தெருக்கரையில் நின்று பார்த்தால் வெள்ளைச் சீருடைகள் வரிசையாக நிற்கும். கழுத்துப்பட்டியின் நிறத்தைப் பார்த்தால் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று சொல்லலாம். உவெஸ்லிக்கும் கார்மேல் பற்றிமாவுக்கும் ஸாஹிறாவுக்கும் மஹ்மூத் மகளிருக்கும் போகிற தெரு ஒன்றுதான்.

தங்கச்சி, நீங்கள் கேட்ட 'சமயமில்லாத பள்ளிக்கூடம்' நம்முடைய நாட்டில் எங்கே இருக்கிறது? பட்டினத்துக்கு விடாவிட்டால் பிள்ளை போகவேண்டிய உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரே விஷ்ணு மகா வித்தியாலயம். பாத்திமா மாதாவின் பெயர் ஒரு படலையில், விஷ்ணுவின் பெயர் மறு படலையில். ஆனால் உள்ளே போனால் இரண்டிலும் அரசாங்கம் அச்சடித்த அதே பாடநூல், அதே பரீட்சை, ஆசிரியருக்கு அதே அரசாங்கச் சம்பளம். 1960, 61இல் வந்த சட்டங்களால், உதவி பெற்றுவந்த மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான்.

இன்னொன்றையும் மாமியிடம் சொல்லுங்கள். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம், அதுவும் பிள்ளையின் சொந்தச் சமயம். எந்தப் படலையால் உள்ளே போனாலும் சைவப் பிள்ளை சைவசமயப் பாடத்தைத்தான் எழுதும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாத்தை எழுதும். படித்த குடும்பங்களில்கூட இது தெரியாமல் பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

மாமியின் பயத்துக்கு மறுமொழி சொல்ல நான் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. கல்முனையைத் தாண்டிச் சாய்ந்தமருதையும் தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளை கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தது. பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருமாரின் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் சோதனையில் தேறி, அந்தக் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் நின்றது. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தது. சிலுவையைப் பார்த்தபடி இத்தனை வருசம் படித்தும் படிப்பித்தும் வந்த அந்த மயில்வாகனம்தான் 1924இல் துறவு பூண்டு விபுலாநந்த அடிகள் ஆனார். யாழ் நூல் தந்தவர் அவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. திருநீறு எங்கேயும் அழியவில்லை.

ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் மாமிக்கு அநியாயம் செய்தவளாவேன். அதே அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிவைத்தார். மிஷன் பள்ளிக்கூடம் தன்னை வளர்த்துவிட்டது என்ற நன்றி அவருக்கு இருந்திருக்கும். ஆனாலும் நம்முடைய பிள்ளைகளுக்கு நம்முடைய வாசல் ஒன்றும் வேண்டும் என்று கண்டவர் அவர்தான். மாமி சொல்வதில் பாதி அதுதானே? அதைப் பழங்காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது.

முஸ்லிம் வாசகர்கள் பலர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டு எழுதுகிறீர்கள். உங்களுக்கு ஏ.எம்.ஏ. அஸீஸை நினைவூட்டுகிறேன். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர் குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கைச் சிவில் சேவைக்குத் தேர்வான முதல் முஸ்லிம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல் விளைச்சலைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அப்போது உண்டானது. விபுலாநந்த அடிகளோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் இங்கேதான். பிறகு கொழும்பு ஸாஹிறாவுக்கு அதிபராகப் போனார். இந்துக் கல்லூரியில் படித்த முஸ்லிமும் கத்தோலிக்கக் கல்லூரியில் படித்த சைவத் துறவியும் இந்தக் கரையில் சந்தித்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அதே நேரம் ஒரு துக்கமும் வருகிறது. ஆங்கிலம் படிக்க மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டால் இந்தப் பக்கத்தில் வேறு வழி அரிதாக இருந்த காலத்தில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். பிறகு நம்முடைய நாட்டுக்குள் நடந்த யுத்தம் அந்த வாங்கை இரண்டாக்கிவிட்டது. ஒரே பஸ்ஸில் ஏறி வெவ்வேறு படலையில் இறங்கும் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வருசம் ஒருவரையொருவர் பெயர் தெரியாமலே வளர்ந்துவிடுகிறார்கள். ஒரு பாடசாலையைத் தெரிவுசெய்யும்போது, அங்கே எங்களைப்போல் இல்லாத ஒரு பிள்ளை என் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்குமா என்று கேட்கும் பெற்றோர் குறைந்துபோனார்கள். நீங்கள் அதைக் கேட்டுப் பாருங்கள், தங்கச்சி.

என் கதையையும் சொல்லவேண்டும். நானும் மிஷன் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஏழாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ரீச்சர் என் நெற்றியைப் பார்த்து, "அந்தச் சாம்பலைக் கழுவிப்போட்டு வா" என்றா. தண்ணீர்ப் பைப்படியில் நின்று கழுவினேன். தண்ணீர் வழிந்து சட்டைக் கழுத்து நனைந்தது. வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த வருசம் அதே பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டர், வாணிவிழாவுக்கு எங்களுக்கென்று ஒரு வகுப்பறையைக் கூட்டித் தந்து, குத்துவிளக்குக்கு எண்ணெய் காணாது என்று மடத்துக் குசினியிலிருந்து தானே போத்தலோடு வந்தா. எங்களோடு கடைசிவரை நின்று, அவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனா. அந்த இரண்டு பேரையும் ஒரே படலைக்குள்தான் கண்டேன்.

ஆகையால் தங்கச்சி, படலைப் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். அனுமதிக்குப் போகிற நாளில் அதிபரிடம் நேரசூசியைக் காட்டச் சொல்லுங்கள். சைவசமயப் பாடம் எத்தனை, அதைப் படிப்பிப்பவர் சைவசமயம் படித்தவரா, இல்லாவிட்டால் யாரோ ஒருவர் நேரம் நிரப்ப வகுப்பில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஊர்ப் பாடசாலையிலும் கேளுங்கள்: உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உண்டா, கணிதத்துக்கு ஆசிரியர் நிரந்தரமா? பல ஊர்ப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை பிறகு எப்படியும் பட்டினத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. பஸ்ஸில் இடிபட்டுப் போய்வரப் பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெம்பு காணுமா என்பதையும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை துணைக்குப் போனால் பாதிக் கவலை குறையும்.

என் மனதைக் கேட்டால் பட்டினத்துக்கே அனுப்புங்கள் என்பேன். வெள்ளிக்கிழமைகளில் மாமியே பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடட்டும். மாமியின் கை இருக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்து மூலையில், உங்கள் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலால் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். "எனக்கு வலைப்பந்து விளையாட விருப்பம்" என்று மகள் எழுதியிருக்கிறா. இரண்டு அதிபர்களிடமும் அதையும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்