இல்லாத நோயும் போகாத பயமும்

திமிரிக்கு அடுத்த ஒரு கிராமத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் வாசகர்கள் முன் வைக்கிறோம். அவர் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கலியாணத்திற்குச் சில மாதங்களுக்கு முன்பு சிநேகிதர்களோடு வெளியூர் போன இடத்தில், முன்பின் அறியாத ஒரு பெண்ணுடன் ஓர் இரவு தங்கினாராம். ஊர் திரும்பிய மறுநாளே எச்.ஐ.வி. பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் பொறுத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்தார். நோய் இல்லை என்றார்கள். ஆறாம் மாதம் வேலூரில் கொடுத்தார். அங்கும் இல்லை என்றார்கள். பிறகு ஆற்காட்டிலும் வேறு ஊர்களிலுமாகக் கைக்காசைச் செலவழித்து இன்னும் நான்கு முறை பார்த்தார், நான்கிலும் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு, ஆறு ரிப்போர்ட்டுகளையும் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, இரவில் தூக்கமில்லாமல் கிடக்கிறாராம். "எதையும் சந்தேகப்படு என்று நீங்கள்தானே சொல்லுகிறீர்கள்? அந்தப்படியே நான் பரிசோதனையையும் சந்தேகப்படுகிறேன். இதில் என்ன தப்பு?" என்று நம்மையே கேட்கிறார்.

இதோடு நின்றிருந்தால் தபாலிலேயே பதில் எழுதியிருப்போம். கடிதத்தின் கடைசி நாலு வரிகள்தான் இத்தலையங்கத்தை எழுதச் செய்தன. கலியாணமாகி இரண்டு வருஷமாகியும் அவர் தம் மனைவியை நெருங்கவில்லையாம். ஏன் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அவரை மலடி என்று பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி போட்டு, கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டுபோய், அரச மரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். காரணம் தெரிந்த ஒரே மனிதர் வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்கிறார். நோய் ஒருவருக்கும் இல்லை. தண்டனை மாத்திரம் இருவருக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் தோழர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவோம். சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. இந்த நோயை நம் நாட்டில் கண்டுபிடித்ததே ஒரு சந்தேகத்தினால்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், "இந்தியாவில் இந்நோய் இராது" என்று பெரியவர்கள் எல்லாம் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல், சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தை எடுத்துப் பார்க்கத் துணிந்தார்கள். அதைப் பரிசோதிக்கச் சென்னையில் வசதியில்லாததால் எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத்தான். டாக்டர் ஜேக்கப் ஜானின் கிருமி ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு பேர் இரத்தத்தில் நோயின் அடையாளம் கண்டது. அப்பொழுதும் அவர்கள் சந்தேகத்தை விட்டுவிடவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பி வேறு முறையில் மறுபடியும் பார்க்கச் செய்து, அங்கும் அதே முடிவு வந்த பிறகே உறுதி செய்தார்கள்.

ஆனால், அந்தச் சந்தேகத்திற்கும் தோழருடைய சந்தேகத்திற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சந்தேகப்பட்டார்கள், சோதித்தார்கள், பதில் வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். தோழரும் சந்தேகப்பட்டார், சோதித்தார், பதில் வந்தது, ஏற்றுக்கொள்ளவில்லை. என்ன பதில் வந்தால் ஏற்றுக்கொள்வார் என்று அவரையே கேட்டால் அதற்கும் பதில் இல்லை. எந்தச் சாட்சியாலும் தீராத சந்தேகத்திற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை. அது தலைகீழாக நிற்கும் ஒரு மூடநம்பிக்கையே ஆகும். பக்தன் ஆதாரமில்லாமல் "உண்டு" என்கிறான். இவர் ஆதாரத்திற்கு விரோதமாக "உண்டு" என்கிறார்.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் "ஒளிந்துகொண்டிருக்குமோ" என்ற கேள்விக்கு இடமிராது. கிருமி உடம்பில் புகுந்தால், அதை எதிர்க்க இரத்தத்தில் சில பொருள்கள் உண்டாகின்றன. பரிசோதனை அவற்றைத் தேடுகிறது. புதிய முறையில் கிருமியின் ஒரு பகுதியையும் சேர்த்துத் தேடுகிறது. புகுந்த அன்றே இவை தென்படா. ஆகையால்தான் காத்திருக்கச் சொல்லுகிறார்கள். கை நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் புதிய முறைச் சோதனையானால் 45 நாளிலும், மற்ற எந்தச் சோதனையானாலும் 90 நாளிலும் முடிவு தெரிந்துவிடும். அந்தக் கெடுவுக்குப் பிறகு செய்த சோதனையில் இல்லை என்று வந்து, இடையில் வேறு ஆபத்துக்கும் ஆளாகாமல் இருந்தால், இல்லை என்றால் இல்லைதான். நம் தோழருக்கு மூன்றாம் மாதத்திலேயே விஷயம் முடிந்துபோயிற்று. பின்னால் செய்த ஐந்தும் இரத்தத்திற்குச் செய்த சோதனையல்ல. மனச் சமாதானத்திற்குச் செய்த பரிகாரம். ஒரு கோயிலில் அர்ச்சனை செய்து திருப்தியில்லாமல் அடுத்த கோயிலுக்கு ஓடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நாம், ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து அடுத்த ஆய்வுக்கூடத்திற்கு ஓடுவது எந்த விதத்தில் வேறு?

"நோயில்லையென்றால் என் உடம்பில் இத்தனை குறிகள் ஏன்?" என்றும் தோழர் கேட்கிறார். வாய் உலர்கிறதாம், மார்பு படபடக்கிறதாம், எடை குறைகிறதாம், கைகளில் புண்ணும் தடிப்பும் வந்து போகின்றனவாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இரண்டு வருஷமாகச் சரியாகத் தூங்காமலும் சாப்பிடாமலும் இருப்பவருக்கு எடை ஏறுமா? பயந்தவனுக்கு வாய் உலர்வதும் மார்பு அடித்துக்கொள்வதும் புதிதா? கைப்புண்ணைப் பற்றியோ நமக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. தினமும் சுண்ணாம்பிலும் குரோமிய உப்பிலும் கை நனைய வேலை செய்கிறவருக்குக் கையில் புண் வருவதற்கு எச்.ஐ.வி.யா வேண்டும்? சுண்ணாம்பும் குரோமியமும் தோலை அரிக்கும் என்பது உலகமெங்கும் தோல் தொழிலில் தெரிந்த சங்கதி. அந்தப் புண்ணைத் தோல் வைத்தியரிடம் காட்டி, முதலாளியிடம் நல்ல கையுறை கேட்டு வாங்க வேண்டிய தொழிலாளி, "நான் செய்த பாபம் கையில் வெடித்திருக்கிறது" என்று மூடி மறைத்துக்கொள்ளுகிறார். பயத்தினால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று பாருங்கள். (ஆட்டுத் தோல், மாட்டுத் தோலிலிருந்து இந்நோய் வராது. கொசுவாலும், கூட உண்பதாலும், ஒரே கழிப்பிடத்தாலும் வராது. உறையில்லாத உடலுறவு, நோயுள்ள இரத்தம், ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் குத்திக்கொள்ளுவது, தாயிடமிருந்து பிள்ளை என்ற வழிகளிலேயே வரும்.)

நிற்க, இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? கிருமியிலிருந்து வருமானால் கிருமி இல்லையென்றதும் போயிருக்க வேண்டும். கடிதத்தில் தோழர் "நோய்" என்று எழுதிய இடங்களைவிடப் "பாபம்" என்றும் "தண்டனை" என்றும் எழுதிய இடங்களே அதிகம். விஷயம் இங்கேதான் இருக்கிறது. அவர் இரத்தத்தைக் கொடுத்து, "எனக்குக் கிருமி இருக்கிறதா?" என்று கேட்கவில்லை, "நான் மன்னிக்கப்பட்டேனா?" என்று கேட்கிறார். ஆய்வுக்கூடம் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு எந்த ஊரிலும் சோதனைக் குழாய் கிடையாது. ஆகவேதான் ஆறு முறை பதில் வந்தும் அவருக்குப் பதில் வந்ததாகவே தோன்றவில்லை.

அம்மை வந்தால் ஆத்தாள் கோபம் என்று பயந்து நடுங்கிய நாடு இது. அம்மை குத்தியதும் ஆத்தாள் கோபம் எங்கே போயிற்று? 1975க்குப் பிறகு இந்நாட்டில் பெரியம்மையே இல்லை. கிருமிக்கு நீதி சாஸ்திரம் தெரியாது. யோக்கியனையும் அயோக்கியனையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. வழி கிடைத்தால் புகும், கிடைக்காவிட்டால் புகாது. நோயுள்ளவரோடு உறையில்லாமல் ஒரு முறை கூடினால்கூட, ஆண் பெண் சேர்க்கையில் அது தொற்றுவது சராசரியாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கொண்டு துணிந்து நடக்கலாமென்று நாம் சொல்லவில்லை. ஆணுறை கட்டாயம் வேண்டும். தவறிப்போனால் 72 மணி நேரத்திற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது. நாம் சொல்லுவதெல்லாம், இது தண்டனையல்ல, தொற்று என்பதுதான்.

இந்தப் பயம் தோழர் ஒருவருக்கு மாத்திரம் வந்ததல்ல, பைத்தியமுமல்ல. இந்நோய் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட மறு வருஷமே, அதாவது 1987லேயே, வேலூர் மருத்துவக் கல்லூரியின் மனநல வைத்தியர் டாக்டர் கே.எஸ். ஜேக்கப் முதலியோர், இங்கிலாந்தின் மனநல வைத்தியப் பத்திரிகையில் "எய்ட்ஸ் அச்சம்" என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். நோய் ஊருக்குள் வருவதற்கு முன்பே பயம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. இந்தப் பயத்திற்கும் வைத்தியம் உண்டு. அந்த வைத்தியத்தின் சாரம், பயத்திற்குத் தீனி போடாமல் இருப்பதாகும். ஒவ்வொரு சோதனையும் இரண்டு நாளைக்கு நிம்மதி கொடுத்து, மூன்றாம் நாள் பயத்தை முன்னிலும் கொழுக்க வைத்து அனுப்புகிறது. சொறியச் சொறிய அரிப்பு வளருவதுபோலத்தான் இதுவும். ஆகையால் மறு சோதனை வேண்டாம். நாக்கையும் கழுத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பது வேண்டாம். இரவெல்லாம் செல்போனில் நோய்க் குறிகளைத் தேடிக்கொண்டிருப்பது வேண்டாம். எண்ணம் வந்தால், "வந்தாயா, இரு" என்று விட்டுவிட்டுக் கைவேலையைப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். தீனியில்லாவிட்டால் பயம் இளைக்கும். இதைத் தனியாகச் செய்ய முடியாதவர்கள் மனநல வைத்தியரிடம் போவதில் வெட்கம் என்ன? பேசிக் குணப்படுத்தும் முறையும் மருந்தும் இருக்கின்றன. வேலூர் பாகாயத்தில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்டச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். இரவில் உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் பேசலாம். நோயைப் பற்றிய சந்தேகங்களுக்கு 1097 இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு, லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு முறை வந்துபோகும் "இரகசிய நோய்" வைத்தியர்களிடம் மாத்திரம் போக வேண்டாம். வெட்கத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் அவர்கள். உங்கள் பயம் தீர்ந்தால் அவர்கள் கடை தீர்ந்தது.

இனி அந்த அம்மாள் விஷயம். தோழரே, உமக்கு நோயில்லை என்று ஆறு காகிதங்கள் சாட்சி சொல்லுகின்றன. அந்த அம்மாள் மலடியல்ல என்பதற்கு ஒரே சாட்சி நீர்தான். அந்தச் சாட்சி வாய் மூடியிருப்பது நியாயமா? ஆண் செய்ததற்குப் பெண் அரச மரத்தைச் சுற்றுவது எந்த ஊர் நீதி? நீர் போன இடத்திலிருந்த பெண்ணை நோயின் பிறப்பிடமாக்கினீர். வீட்டிலிருக்கும் பெண்ணை மலடியாக்கினீர். இருவரும் உம்மைப் போன்ற மனிதர்கள் என்பதை மறந்தீர். இன்றே உட்கார்ந்து நடந்ததைச் சொல்லும். அந்த அம்மாள் கோபிக்கலாம், அழலாம், போய்விடுகிறேன் என்றும் சொல்லலாம். அது அவர் உரிமை. ஆனால் தம்மிடம் குறையில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அதற்கும் முந்தியது.

கடைசியாக ஒன்று. சோதனையில் "உண்டு" என்று பதில் வந்த தோழர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் இலவசமாக மருந்து கொடுத்து வருகிறது. அம்மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்குத் தென்படாத அளவுக்குக் குறைந்தவர்களிடமிருந்து உடலுறவினால் மற்றவருக்குத் தொற்றாது. அவர்கள் உழைக்கிறார்கள், கலியாணம் செய்துகொள்ளுகிறார்கள், நோயில்லாத பிள்ளைகளைப் பெறுகிறார்கள். நோய் உள்ளவர்கள் இப்படி வாழும்போது, நோயில்லாதவர் செத்தவரைப்போல் கிடப்பது என்ன விந்தை! அன்றியும், "எனக்கு வந்துவிட்டால் செத்தேன்" என்று நீர் நடுங்கும் ஒவ்வொரு முறையும், வந்தவர்களைச் செத்தவர்கள் என்றே நீர் சொல்லுகிறீர். அவர்களைச் சமமாக நினைக்கக் கற்றுக்கொண்டால் உம் பயத்தில் பாதி தானே கழன்றுபோகும்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இச்சோதனை செய்யும் அறைக்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர்ப் பலகை போட்டிருக்கிறார்கள். நம்பிக்கை என்ற சொல்லோடு நமக்கு அவ்வளவாக உறவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பலகையை நாம் ஆட்சேபிக்கவில்லை. அங்கே கேளாமல் நம்பச் சொல்லவில்லை. உம்மைக் கேட்டு, ஊசி குத்தி, பார்த்து, பிறகு சொல்லுகிறார்கள். உம் பெயரை வெளியில் சொல்லக்கூடாதென்று 2017ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. சந்தேகமுள்ள தோழர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், ஒளிவில்லாமல் அங்கே போய்க் கெடு கழிந்து ஒரு முறை சோதித்துக்கொள்ளட்டும். உண்டென்றால் மருந்து சாப்பிடட்டும். இல்லையென்றால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

திமிரித் தோழரையும் அதையே கேட்டுக்கொள்ளுகிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லி, அவர் அரச மரத்தைச் சுற்றுவதை நிறுத்தும்.