கற்பைக் காத்தல் மகன்களுக்கும் கடமையே

 

திருக்கனூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்வோர் வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்தை அறியாதிருக்க மாட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1877ஆம் ஆண்டில் உருவான அத்திருத்தலத்திற்கு ஈஸ்டரை அடுத்து வரும் ஆண்டுப் பெருவிழாவின்போது பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அதே வில்லியனூரை ஒட்டிய சுல்தான்பேட்டையில் நம் சமுதாயத்தவர் பெருமளவில் வாழ்கின்றனர். நாம் சிலைகளின் முன் நிற்பதில்லை. ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்று ஏற்பதுமில்லை. ஆயினும் அவர்கள் மாதா என்று போற்றும் அப்பெண்மணியின் பெயரால் நம் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி அன்னை மர்யம் (அலை) அவர்களே.

அவர்களைக் குறித்து அல்லாஹ் கூறும் ஓரிடத்தை நாம் போதிய கவனத்துடன் வாசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 66ஆம் அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் ஃபிர்அவ்னின் மனைவியும் மர்யமும் ஈமான் கொண்டோருக்கு முன்மாதிரிகளாகக் காட்டப்படுகின்றனர். தம் கற்பைக் காத்துக்கொண்டவர் என்பதே அங்கு மர்யமுக்குச் சூட்டப்படும் முதல் சிறப்பு. பெண்களுக்கு முன்மாதிரி என்று அங்கே சொல்லப்படவில்லை. ஈமான் கொண்டோர் அனைவருக்கும் என்றே சொல்லப்படுகிறது. அப்படியானால் நம் வீட்டு இருபது வயது மகனும் கற்பைக் காப்பதில் மர்யமைப் பார்த்துப் படிக்க வேண்டியவனே.

ஆண்களுள் இதற்கு எடுத்துக்காட்டு யூசுஃப் (அலை). இவ்விருவர் வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். யூசுஃப் ஓர் இளைஞர், அந்நிய நாட்டில் அடிமை, கதவுகளோ மூடப்பட்டுவிட்டன, அழைப்பவள் எஜமானி. மர்யம் மக்களை விட்டு ஒதுங்கித் திரையிட்டுக்கொண்டு தனித்திருக்கிறார். வானவர் முழு மனித உருவில் முன்னே நிற்கிறார். காண்பார் எவருமில்லை. அந்நிலையில் இருவர் வாயிலிருந்தும் முதலில் வெளிப்பட்டது ஒன்றே: இறைவனிடம் பாதுகாவல் தேடும் சொல் (12:23, 19:18). என்னால் சமாளிக்க முடியும் என்று இருவருமே எண்ணவில்லை. அதன்பின் யூசுஃப் அங்கு நின்று விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. கதவை நோக்கி ஓடினார். பின்புறம் கிழிந்த சட்டையே அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சியாயிற்று. பைபிளின் ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்திலும் அவர் ஓடவே செய்கிறார். ஆனால் அங்கு அவர் விட்டுச்சென்ற மேலாடை அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தப்படுகிறது. எவ்வாறாயினும் இரு வேதத்தாரும் அவரை ஓடியவராகவே நினைவில் வைத்திருக்கின்றனர்.

கத்தோலிக்கர் இவ்விஷயத்தில் கடைப்பிடிக்கும் ஒரு நெறியை இங்கே சொல்லலாம். அவர்கள் பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையில் விபச்சாரத்தைத் தடுப்பது ஆறாம் கட்டளை. பிறன் மனைவியை விரும்பாதிருப்பது ஒன்பதாம் கட்டளை என்று தனியே நிற்கிறது. செயல் வேறு, இச்சை வேறு. இரண்டுக்கும் கணக்குண்டு என்பது இதன் பொருள். மேலும் பாவத்தை விலக்கினால் மட்டும் போதாது, பாவத்திற்கு இட்டுச்செல்லும் சந்தர்ப்பத்தையும் விலக்க வேண்டும் என்று அவர்கள் திருச்சபை கற்பிக்கிறது. நமக்கு இது புதிதன்று. விபச்சாரம் செய்யாதீர்கள் என்பதோடு நில்லாமல் அதை நெருங்கவே வேண்டாம் என்று திருமறை தடுக்கிறது (17:32). குருக்களுக்கும் கன்னியருக்கும் அவர்கள் விதித்துள்ள மணத்துறவை மட்டும் நாம் ஏற்பதில்லை. நம் மார்க்கத்தில் இச்சையை அடக்குவதற்கான வழி நிக்காஹ். அதற்கு வசதியற்றவருக்கு நோன்பு.

நெருங்காதே என்ற இக்கட்டளையை நம் வீடுகளில் யாருக்குச் சொல்கிறோம்? மகள் கல்லூரியிலிருந்து பேருந்தில் திரும்பக் கால் மணி நேரம் தாமதித்தால் வீடே வாசலில் நிற்கிறது. மகன் நள்ளிரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் கைபேசியின் வெளிச்சத்தில் விழித்திருந்தால், படிக்கிறான் என்கிறோம். மூடிய கதவுகள் இன்று எஜமானியின் மாளிகையில் இல்லை. நாமே மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்த கருவிக்குள் இருக்கின்றன. பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்குத்தான் அல்லாஹ் கட்டளையிடுகிறான் (24:30). பெண்களுக்குரிய கட்டளை அதற்கு அடுத்த வசனத்திலேயே வருகிறது. நம் பயான்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. ஹிஜாபைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோர் 30ஆம் வசனத்திற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்கலாம்.

மகனிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கும் அத்தாக்களுக்கு நபி (ஸல்) அவர்களிடமே வழியிருக்கிறது. ஓர் இளைஞர் அவர்களிடம் வந்து விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டார். அங்கிருந்தோர் அவரை அதட்டினர். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து அமரவைத்தார்கள். இதை உம் தாய்க்கு விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு, மாமிக்கு, சின்னம்மாவுக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து அவருக்காகத் துஆச் செய்தார்கள். அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. அந்த இளைஞரால் அக்கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். நம் மகன் நம்மிடம் அதில் பாதியையாவது கேட்பானா?

திருமணத்தைத் தள்ளிப்போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துணையற்றவர்களுக்கு மணமுடித்து வையுங்கள், அவர்கள் ஏழைகளாயினும் அல்லாஹ் தன் அருளால் அவர்களைத் தன்னிறைவு அடையச் செய்வான் என்ற கருத்து 24:32இல் இருக்கிறது. நாமோ மண்டபம், சீர், ஐந்நூறு பேருக்குப் பிரியாணி என்று கணக்கிட்டு, அதற்கான பணம் சேரும்வரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்கிறோம். முப்பது வயதுவரை காத்திருக்கச் சொல்லிவிட்டு, காத்திருப்பது எப்படி என்று ஒரு சொல்லும் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. கத்தோலிக்கர் தூய்மையின் புனிதையாகப் போற்றும் மரிய கொரற்றி இத்தாலியைச் சேர்ந்த ஏழைச் சிறுமி. 1902ஆம் ஆண்டில், தன் பதினோராம் வயதில், தன்னைக் கெடுக்க முயன்றவனால் குத்தப்பட்டு, அவனை மன்னித்து மறுநாள் இறந்தாள். 1950இல் அவளுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவள் வரலாறு உள்ளத்தை உருக்குவது. எனினும் இத்தகைய வரலாறுகளைத் தவறாகச் சொன்னால், எதிர்த்து உயிர் விடாத பெண் தூய்மை இழந்துவிட்டாள் என்று கேட்போர் எண்ணக்கூடும். நம் மார்க்கத்தில் அதற்கு இடமே இல்லை. நிர்ப்பந்திக்கப்பட்டவர்களை அல்லாஹ் மன்னிப்பவன் என்று 24:33 கூறுகிறது. வன்முறைக்கு ஆளான பெண்ணின் கற்பு போய்விட்டது என்று பேசும் ஜமாஅத்தார் எவராயினும், போகாத ஒன்றை அவளிடமிருந்து தாமே பறிக்கின்றனர். அவ்வாறு ஆளானவர் ஆண்பிள்ளையானாலும் இதே நிலைதான். பதினெட்டு வயது நிறையாத எப்பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாப்பளிக்கிறது. குடும்ப மானம் கருதி அதை மறைப்பது குற்றவாளிக்கே உதவுகிறது.

தானே தவறியவனின் நிலை வேறு. அவனுக்குத் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது (39:53). கத்தோலிக்கர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வர். நாம் இடையில் எவருமின்றி அல்லாஹ்விடம் நேரடியாகக் கேட்கிறோம். அல்லாஹ் மறைத்ததை ஊரறியச் சொல்லித் திரிவதை நபியவர்கள் கண்டித்துள்ளார்கள். ஆனால் இந்த மறைத்தலைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இப்போது வந்திருக்கிறது. முகமறியாத பெண் ஒருத்தி காணொளி அழைப்பில் வருகிறாள்; சில நிமிடங்களில் அவனுடைய படம் பதிவாகிவிடுகிறது; உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுவோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கின்றனர். பாவத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் மிரட்டுபவனுக்கு மீண்டும் மீண்டும் பணம் அனுப்புகிறான். வெட்கம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அநியாயக்காரனிடமிருந்து தப்ப உதவி கேட்பது பாவத்தைப் பறைசாற்றுவது ஆகாது. இதை மகன் சிக்குவதற்கு முன்பே அவனிடம் சொல்லி வைக்க வேண்டும்: பணம் அனுப்பாதே, உரையாடலையும் எண்ணையும் அழிக்காமல் வைத்துக்கொள், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழை, அதற்கும் முன்பாக என்னிடம் வா, நான் உன்னை அடிக்க மாட்டேன். இந்தக் கடைசிச் சொல்லை அத்தா தம் வாயாலேயே, இன்றிரவு இஷா தொழுதுவிட்டு வரும் வழியில் அவனிடம் சொல்லலாம்.