ஆண்டையைக் காணோம்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டுக்களை நம் சபாக்களில் எப்போது பாடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகுதான். பாதி ரசிகர்கள் காப்பிக்கும் பஸ்ஸுக்கும் எழுந்து போன பிறகு, மிச்சமிருப்பவர்களும் செருப்பு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டிருக்கும்போது, வித்வான் கண்ணை மூடிக்கொண்டு மாஞ்சியில் 'வருகலாமோ' என்று ஆரம்பிக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் "ஆஹா!" என்கிறார். ஐந்தே நிமிஷம். பிறகு மங்களம்.

இதைப் பார்த்து வயிறு எரிகிற தமிழபிமானிகள் சிலர் உண்டு. அவர்கள் உடனே திருவையாற்றுக் கதையை எடுத்துக்கொண்டு வருவார்கள். பாரதியார் தியாகராஜ சுவாமிகளைத் தரிசிக்கப் போனாராம். ஆபோகியில் ஏதாவது கீர்த்தனை செய்திருக்கிறீரா என்று சுவாமிகள் கேட்டாராம். இவர் உடனே 'சபாபதிக்கு' என்ற கீர்த்தனையைச் செய்து பாடிக் காட்ட, அவர் மெச்சினாராம். நல்ல கதைதான். ஆனால் ஒரு மகா கலைஞனுக்காக வாதாடப் புறப்பட்டவர்கள் இன்னொரு மகா கலைஞனிடமிருந்து நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பாரதியார் என்ன, உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாரா?

கச்சேரியில் அவருக்கு எந்த இடம் கொடுக்கிறார்கள் என்பதல்ல என் சண்டை. முதலில் பாடினாலும் சரி, முடிவில் பாடினாலும் சரி. எதைப் பாடுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு. நந்தனைப் பாடுகிறார்கள். அவனுடைய ஏக்கத்தைப் பாடுகிறார்கள், கண்ணீரைப் பாடுகிறார்கள், தில்லையைப் பாடுகிறார்கள். ஆண்டையை மட்டும் காணோம்!

ஆண்டை இல்லாமல் அந்தக் கதையே இல்லை. சொல்லப்போனால் ஆண்டையைத் தவிர மற்றதெல்லாம் பாரதியாருக்கு முன்பே இருந்தது.

சேக்கிழாரை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூர் இருக்கிறது; அதன் புலைப்பாடி, கோழியும் குழந்தைகளுமாகக் கண்முன்னே நிற்கிறது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் நந்தனார் கொடுத்து வந்ததைச் சேக்கிழார் மறக்காமல் சொல்லுகிறார். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கடத்துகிறார் நந்தனார். கடைசியில் தீயில் மூழ்கி எழுகிறார். ஆனால் அவரை வேலை வாங்குகிற எஜமானன் யாரும் அந்தப் புராணத்தில் இல்லை. தயங்குவதெல்லாம் அவராகவே தயங்குகிறார், தம் பிறப்பை எண்ணி.

அறுநூறு எழுநூறு வருஷங்களுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்த ஒரு பிராமணர் இந்தக் கதையைக் கையில் எடுத்தார். முடிகொண்டானில் வளர்ந்தவர், ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் காலம் கழித்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்தமென்று நிலபுலன் தேடிக்கொள்ளவில்லை. திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பவரிடம் ஹிந்துஸ்தானி சங்கீதம் கேட்டுப் பழகியவர். அவருக்குச் சோறு போட்டு ஆதரித்தவர்கள் மிராசுதார்கள். அந்த மனிதர் கேட்டார்: 'ஏன் நாளை? ஏன் இன்று போகக் கூடாது? யார் விடவில்லை?'

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஆண்டை பிறந்தார். வேதம் படித்தவர், நாற்பது வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர். வேலி ஒன்றுக்கு ஆறே முக்கால் ஏக்கர் சுமார். அப்படியானால் இருநூற்றறுபது ஏக்கருக்கு மேல் வருகிறது. அவ்வளவையும் பயிரிட்டு அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார் நந்தனிடம். ஒரே ராத்திரியில் சிவபெருமான் அருளால் விளைந்துவிடுகிறது; அது கதை. முடியாத வேலையைச் சொல்லிவிட்டு, "நானா தடுத்தேன்? முடித்துவிட்டுப் போயேன்" என்று திண்ணையில் சாய்ந்துகொள்கிறாரே, அது கதையா? காவேரிக் கரையில் பண்ணையாளாக இருந்தவனைக் கேட்டால் சொல்லுவான். அடிமையென்று ஒருவன்மேல் உரிமை கொண்டாடினால் கோர்ட்டு ஏற்காது என்று 1843-ல் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்னும் நூறு வருஷத்துக்கு மேல் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது.

பாட்டாகவும் பாருங்கள். ஆண்டை பேசும்போது பாரதியார் அவருக்குக் கனத்த ராக ஆலாபனை எதையும் கொடுக்கவில்லை. சிந்து மெட்டுக்களில் வெடுக்கு வெடுக்கென்று பேச்சு விழுகிறது. திண்ணைப் பேச்சு, களத்து மேட்டுப் பேச்சு. மாட்டிறைச்சி தின்கிற உனக்கு மார்கழித் திருநாள் ஒரு கேடா என்ற அர்த்தத்தில் ஆண்டை அவனை ஏசுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. கேட்டால் காது கூசும். கூசட்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த நடை பிடிக்கவில்லை. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிழைகளைக் கண்டு சிறப்புப்பாயிரம் தராமல் நாளைக் கடத்தியதையும், பிறகு பாரதியார் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுவதை உள்ளேயிருந்து கேட்டு உருகிப்போய்த் தந்ததையும் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிள்ளையவர்களே 'நாளைப் போவேன்' கதையாக அலைய வைத்தும் ஜெயித்த நூல் அது!

அந்த வசைப் பாட்டின் பலத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் இன்னொரு பாரதியார். சுப்பிரமணிய பாரதியார், வெள்ளைக்கார அதிகாரி நம்மவரை ஏசுவதாகப் பாட்டுக் கட்ட வேண்டியிருந்தபோது, ஆண்டையின் மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய வாசகர்களுக்கு அந்த மெட்டு காதில் விழுந்தவுடனே யார் யாரை ஏசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. இன்று அந்தச் சாதுரியத்தை விளக்க அடிக்குறிப்புப் போட வேண்டியிருக்கிறது.

எங்கள் காரைக்காலுக்கும் இந்த நூலுக்கும் ஓர் உறவு உண்டு. காரைக்காலில் உத்தியோகம் பார்த்த சீசே என்னும் பிரெஞ்சுத் துரையின் முயற்சியால்தான், 1860-களின் தொடக்கத்தில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை முதன்முதலாக அச்சேறியது. இதைச் சொல்லி நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வது வழக்கம். பெருமையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிலீஷ் சீமையின் இந்தியக் கூலிகளைப் பிடித்துக்கொண்டு போக, இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் உடன்படிக்கை செய்துகொண்டது 1861-ல். ரெயூனியனுக்கும் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் ஆள் ஏற்றிய துறைமுகங்களில் காரைக்கால் ஒன்று. நாற்பது வேலி ஆண்டையிடமிருந்து தப்பிக்க ஒரு நந்தனுக்குத் தில்லை. எத்தனையோ நந்தன்களுக்குக் கப்பல். அச்சான நூலும் ஏறிப்போன ஆட்களும் ஒரே ஊரின் சங்கதி.

மண்டபத்தூரில், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இருக்கிற எங்கள் சிற்றூரில், சில வருஷங்களுக்கு முன் ஒரு பாகவதர் நந்தன் கதை செய்தார். நல்ல சாரீரம், ஒன்றேகால் மணியில் கச்சிதமாக முடித்தார். ஆண்டையை இரண்டு வாக்கியத்தில் வசனமாகச் சொல்லிக் கடந்துவிட்டார். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு கலைந்தோம். காலமெல்லாம் நடவு நட்ட ஒரு கிழவி என்னிடம் வந்து, "ஏந்தம்பி, அந்த ஐயரு வரவேயில்லியே? சின்னப் புள்ளயில நாங்க கேட்டப்ப அவரு வந்து ஏசுவாரு, நந்தன் நடுங்கிக்கிட்டே நிப்பான். அப்புறம் அவரே வந்து கால்ல விளுவாரு. அதப் பாக்கத்தானே நான் வந்தேன்?" என்றாள்.

ஆம், ஆண்டை காலில் விழுகிறார். விளைந்த வயலைக் கண்டு, தாம் ஏசிய பண்ணையாளைத் தாமே குருவென்று வணங்குகிறார். மிராசுதார்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டே, அவர்கள் முன்னால் இதைப் பாடியிருக்கிறார் ஒரு மனிதர்! இந்தத் தைரியத்தை வெட்டி எறிந்துவிட்டு மாஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஏசியது யார் என்று தெரியாமல், வரலாமா என்று ஒருவன் கேட்டால் அது பக்தி. தெரிந்து கேட்டால் அது வழக்கு. நமக்கு வழக்கு வேண்டாம்.

ஒரு நண்பர் இதற்கு நியாயமான ஆட்சேபம் சொன்னார். ஜாதியைச் சொல்லி ஏசும் வார்த்தைகளை மேடையில் ஏன் பாட வேண்டும், யார் மனத்தையாவது புண்படுத்தாதா என்று. புண்படுத்தும். அந்தச் சொல்லைத் தன்மேல் வாங்கியவன் எழுந்து போனால் அவனுக்கு அந்த உரிமை உண்டு. உட்கார்ந்து கேள் என்று சொல்ல நான் யார்? ஆனால் நம் சபாக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லை வாங்கியவர்கள் அல்ல. வீசியவர்களின் பேரன்மார்கள், என்னையும் சேர்த்து. நமக்காகத்தான் கேட்கிறேன். மாட்டுத் தோல் போர்த்த மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பதில் கூச்சமில்லை. மாடு தின்றவனை ஏசியது யார் என்று பாடுவதில் மட்டும் கூச்சம் வந்துவிடுகிறது.

இன்னோர் ஆட்சேபமும் உண்டு. அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட எனக்கு முடியவில்லை. எவ்வளவு ஆண்டையைக் காட்டினாலும் கடைசியில் தீயில் இறங்குவது நந்தன்தானே, ஆண்டை அல்லவே என்கிறார்கள். சரிதான். அந்த முடிவு சேக்கிழார் கொடுத்தது. பாரதியார் அதை மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆண்டையைப் புதிதாகப் படைத்தவருக்கு முடிவைப் புதிதாகப் படைக்கத் தெரியாதா? அந்த இடத்தை வித்வான்கள் பரவசமாகப் பாடும்போது என்னால் தாளம் போட முடிவதில்லை. நரிமணம் இருக்கிற அதே நாகப்பட்டினத்துச் சீமையில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி, கூலி கூடுதலாகக் கேட்ட தகராற்றில், ஒரு குடிசைக்குள் அடைந்த 44 பேர் வெந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதுவும் மார்கழி மாதம்தான். சென்னையில் சங்கீத சீஸன். அந்தத் தீயிலிருந்து யாரும் முனிவராக எழுந்து வரவில்லை.

ஆகையால்தான் சொல்லுகிறேன், தீயைப் பாடுவதானால் ஆண்டையையும் பாடுங்கள். நம்மால் முடியாத காரியம் அல்ல. 1935-ல் 'நந்தனார்' படம் எடுத்தார்கள். லட்ச ரூபாய் சம்பளத்துக்கு கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். ஆண்டையாக நடித்தவர் யார் தெரியுமா? மகாராஜபுரம் விசுவநாதையர்! சங்கீத உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மகாவித்வான், காமெராவுக்கு முன் வந்து நின்று ஏசினார். அவருடைய கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இன்று ஒருவர்கூடத் துணிய மாட்டேனென்கிறார்கள்.

போன வருஷம் ஒரு சபாக் காரியதரிசிக்குக் கடிதம் எழுதினேன். மார்கழியில் ஒரு நாள், மூன்று மணி நேரம், நந்தனார் சரித்திரத்தை ஆண்டையோடு முழுக்கப் பாட ஏற்பாடு செய்யக்கூடாதா என்று. மரியாதையாகவே பதில் வந்தது. யோசனை நல்லதென்றும், மாலை நிகழ்ச்சிகள் அத்தனையும் முன்பே நிச்சயமாகிவிட்டன என்றும், மத்தியானம் ஒன்றரை மணிக்கு இலவச நிகழ்ச்சியாக ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமென்றும், "சச்சரவுக்கு இடமான பகுதிகளை மட்டும் தவிர்த்துவிட்டால்" நலமென்றும் எழுதியிருந்தார்.